செகண்ட் தேடும் பருவம்

இங்கிலாந்தில் ஓர் ஆசிரியர் நினைத்த மாதத்தில் வேலையை விட்டுவிட முடியாது. அக்டோபர் 31க்குள் ராஜினாமா கடிதம் கொடுத்தால் டிசம்பர் கடைசியில் போகலாம். பிப்ரவரி கடைசி நாளுக்குள் கொடுத்தால் ஏப்ரல் கடைசியில். மே 31க்குள் கொடுத்தால் ஆகஸ்ட் 31இல். 'பர்கண்டி புக்' என்று எல்லோரும் அழைக்கும் பணி நிபந்தனைத் தொகுப்பில் இருக்கும் தேதிகள் இவை. அகாடமி வகைப் பள்ளிகளும் பெரும்பாலும் இவற்றையே பின்பற்றுகின்றன. கல்வியாண்டு செப்டம்பரில் தொடங்குவதால் எல்லோர் கண்ணும் மே 31 மேல்தான். அது தாண்டிவிட்டால், வேறொரு பள்ளியில் வேலையில் இருக்கும் நல்ல ஆசிரியர் யாரையும் செப்டம்பருக்கு எடுக்க முடியாது. அதனால் ஜனவரி பிறந்ததுமே அக்கம்பக்கத்துத் துறைத்தலைவர்கள் ஒருவரையொருவர் ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பிப்போம். உன் ஆட்களில் யார் கிளம்புகிறார்? என் ஆட்களில் யாருக்கு வலை வீசுகிறாய்?

நான் வடமேற்கு லண்டனில் ஓர் அரசு இடைநிலைப் பள்ளியில் ஆங்கிலத் துறைத்தலைவி. எங்கள் வகுப்புகளில் குஜராத்தி, தமிழ், ருமேனியன், சோமாலி பேசும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் நிறைய. எனக்கு அடுத்த நிலையில் இருப்பவரைப் பள்ளிக்குள் 'செகண்ட்' என்போம். விளம்பரத்தில் துணைத் துறைத்தலைவர் என்று போடுவோம். அந்த நாற்காலிக்கு ஆள் தேடும் வேலையை நான் பலமுறை செய்திருக்கிறேன். துறைத்தலைவர் செய்யும் வேலைகளிலேயே இதுதான் கடினம் என்பது என் எண்ணம். எங்களுக்கு யாரும் பயிற்சி தராத வேலையும் இதுதான்.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியராக இருக்கும் என் சித்தி மகளுக்கு இதைப் புரியவைக்கச் சற்று நேரம் பிடித்தது. அங்கே ஆளை எடுப்பது ஆசிரியர் தேர்வு வாரியம். இடமாறுதலுக்குக் கலந்தாய்வு இருக்கிறது. பதவி உயர்வுக்குப் பணிமூப்புப் பட்டியல் இருக்கிறது. பக்கத்து வகுப்பறைக்கு யார் வருவார் என்பதில் ஓர் ஆசிரியருக்கு எந்தப் பங்கும் கிடையாது. "நீங்களே விளம்பரம் கொடுத்து, நீங்களே நேர்காணல் வைத்து, நீங்களே ஆளைப் பிடிப்பீர்களா? அப்புறம் அவர் சரியில்லை என்றால் யாரைத் திட்டுவீர்கள்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. திட்டுவதற்கு வேறு ஆளே இல்லை என்பதால்தான் இந்தத் தேர்வு இவ்வளவு கனக்கிறது.

இங்கே பள்ளிக்குள் ஆங்கிலத்துக்கு இருக்கும் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வில் ஆங்கில மொழி ஒரு பாடம், ஆங்கில இலக்கியம் இன்னொரு பாடம். அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் இரண்டையும் எழுதுவார்கள். ஆங்கிலத்தில் 9 முதல் 1 வரையான தரவரிசையில் 4 வாங்காத பிள்ளை, அடுத்து எந்தப் படிப்புக்குப் போனாலும் ஆங்கிலத்தைத் திரும்பப் படித்துக்கொண்டே போக வேண்டும். 2014இலிருந்து இதைக் கல்லூரிகளுக்குத் தரும் நிதியோடு அரசு பிணைத்துவிட்டது. 2016இல் பள்ளிகளை அளக்க வந்த 'புரோக்ரஸ் 8' கணக்கிலும் ஆங்கிலத்துக்கு இரட்டை எடை. ஆகஸ்டில் முடிவுகள் வந்ததும் தலைமையாசிரியர் முதலில் திறப்பது கணிதம், ஆங்கிலம் ஆகிய இரண்டு துறைகளின் பக்கத்தைத்தான்.

செகண்டின் வேலை என்ன என்று விளம்பரத்தோடு ஒரு பட்டியல் இணைப்போம். ஏழாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பாடத்திட்டம், விடைத்தாள் மதிப்பீட்டைச் சீராக வைப்பது, பயிற்சி ஆசிரியர்களுக்கு வழிகாட்டுவது, பத்தாம், பதினோராம் வகுப்புகளுக்குக் கூடுதல் வகுப்புகள். பட்டியலில் வராத வேலைதான் அதிகம். காலை ஏழு மணிக்கு ஒருவர் காய்ச்சல் என்று செய்தி அனுப்புவார். அவருடைய ஐந்து வகுப்புகளுக்கும் எட்டரைக்குள் வேலை தயாராக இருக்க வேண்டும். புதிதாக வந்த ஆசிரியை ஒன்பதாம் வகுப்பில் அழுதுவிட்டு ஊழியர் அறைக்குப் போகாமல் காரில் போய் உட்கார்ந்திருப்பார். இருபது வருடம் பாடம் நடத்திய மூத்தவர் ஒருவர் புதுப் பாடத்திட்டத்தைத் திறந்தே பார்க்காமல் தன் பழைய தாள்களையே கொடுத்துக்கொண்டிருப்பார். இவை எல்லாம் முதலில் செகண்டிடம்தான் போய்ச் சேரும். என்னிடம் வருவது அவர் வடிகட்டிய மிச்சம்.

ஒரு நல்ல ஆசிரியர் பத்து வருடமாகக் கற்றுக்கொண்டது பிள்ளைகளோடு வேலை செய்ய. செகண்ட் ஆனதும் அவருடைய பாதி வேலை பெரியவர்களோடு. ஆனால் நேர்காணல் நாளில் நாங்கள் வழக்கமாகச் சோதிப்பது பிள்ளைகளோடு அவர் எப்படி என்பதைத்தான். அந்த இடைவெளியை அடைக்கத் தெரிந்துகொண்டதுதான் இத்தனை தேர்வுகளில் எனக்கு மிஞ்சிய தொழிலறிவு.

பணத்திலிருந்து தொடங்குகிறேன், விண்ணப்பிப்பவரும் அங்கிருந்துதான் தொடங்குவார். செகண்டுக்குத் தனிச் சம்பள விகிதம் கிடையாது. ஆசிரியராக அவர் வாங்கும் சம்பளத்தின் மேல் 'டி.எல்.ஆர்.' என்ற பொறுப்புப் படி கிடைக்கும். 2006இல் பழைய நிர்வாகப் படிகளை எடுத்துவிட்டு இதைக் கொண்டுவந்தார்கள். இரண்டு அடுக்கு. 2024 செப்டம்பர் கணக்கில் கீழ் அடுக்கு வருடத்துக்கு 3,391 பவுண்டிலிருந்து 8,279 வரை, மேல் அடுக்கு 9,782 முதல் 16,553 வரை. இந்த எல்லைக்குள் எங்கே வைப்பது என்பது பள்ளியின் கையில். ஆகவே ஒரே வேலைக்கு இந்தப் பள்ளியில் நாலாயிரம், நாலு பஸ் நிறுத்தம் தள்ளி எட்டாயிரம். நிதிக் கையிருப்பைப் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியர் அடித்தட்டிலிருந்து தொடங்குவார். நான் மேலே தள்ளுவேன். என் வாதம் எப்போதும் ஒன்றுதான்: ஆள் கிடைக்காமல் ஒரு வருடம் தற்காலிக ஆசிரியர்களுக்காக ஏஜென்சிக்குக் கட்டும் தொகையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆள் தட்டுப்பாடு கற்பனை இல்லை. 2023-24இல் இடைநிலைப் பள்ளி ஆசிரியர் பயிற்சிக்கு அரசு வைத்த இலக்கில் பாதி இடங்கள்தான் நிரம்பின. ஆங்கிலம் இயற்பியல் அளவுக்கு மோசமில்லை, அதிலும் பள்ளம் விழுந்தது. பயிற்சிக்கு வராதவர் ஐந்து வருடம் கழித்துச் செகண்டாக விண்ணப்பிக்கப் போவதில்லை. ஒரு காலத்தில் வெள்ளிக்கிழமை வரும் 'டி.இ.எஸ்.' பத்திரிகையின் வேலைவாய்ப்புப் பக்கங்கள் தலையணை கனத்துக்கு இருந்தன என்பார்கள் மூத்தவர்கள். இப்போது எல்லாம் இணையத்தில். கல்வித்துறை இலவசமாக நடத்தும் தளத்திலும் போடுவோம். ஈஸ்டருக்கு முன் விளம்பரம் போட்டால் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு ஆட்கள் வருவார்கள். மே நடுவில் போட்டால் வருபவரை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

விண்ணப்பங்கள் வந்ததும் முதலில் நான் வாசிப்பது கடிதத்தை. ஆங்கிலத் துறைக்கு விண்ணப்பிப்பவர்களுக்குக் கடிதம் எழுத வராமல் போகாது, அதுதான் தொல்லை. எல்லாக் கடிதங்களும் நன்றாக இருக்கும். 'பேரார்வம்' என்ற சொல் எல்லாவற்றிலும் இருக்கும். நான் எழுவாய்களைத்தான் பார்க்கிறேன். "நான் மாற்றினேன், நான் உயர்த்தினேன், என் வகுப்பில் தேர்ச்சி கூடியது" என்று பக்கம் முழுக்க ஒரே எழுவாய் என்றால் அவர் நல்ல ஆசிரியர், அதில் ஐயமில்லை. "எங்கள் துறையில் ஒருவர் இப்படிச் செய்துகொண்டிருந்தார், அதைப் பார்த்துவிட்டு மற்றவர்களுக்கும் கொண்டுபோனோம்" என்று ஒரு வாக்கியமாவது இருந்தால் அந்தக் கடிதத்தைத் தனியே எடுத்து வைப்பேன்.

படிவத்தில் வேறொரு வாசிப்பும் உண்டு, அதில் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை. 2002இல் சோஹாம் என்ற ஊரில் இரண்டு சிறுமிகளைக் கொன்றவர் அவ்வூர் இடைநிலைப் பள்ளியின் பராமரிப்பு ஊழியர். முன்பே வேறொரு ஊரில் அவர்மேல் காவல்துறைக்குப் புகார்கள் போயிருந்தும் வேலைக்கு எடுத்தபோது எதுவும் வெளியே வரவில்லை. 2004இல் வந்த பிச்சர்ட் விசாரணை அறிக்கைக்குப் பிறகு இந்நாட்டில் பள்ளி நியமனமே மாறிப்போனது. நேர்காணல் குழுவில் ஒருவராவது பாதுகாப்பான நியமனத்துக்கான பயிற்சி பெற்றிருக்க வேண்டும். வெறும் சுயவிவரக் குறிப்பை வாங்கிக்கொண்டு ஆளை அழைக்கக் கூடாது, பள்ளியின் படிவத்தை நிரப்பியாக வேண்டும். பரிந்துரைகளை நேர்காணலுக்கு முன்பே வாங்கிவிடுவோம். வேலை வரலாற்றில் இடைவெளி இருந்தால் விளக்கம் கேட்போம். 2022 முதல், இறுதிப் பட்டியலில் இருப்பவர்களைப் பற்றி இணையத்தில் தேடிப் பார்ப்பதும் சேர்ந்தது.

அந்த இடைவெளிக் கேள்வியைச் சிலர் அவமானமாக எடுத்துக்கொள்வார்கள். பதினான்கு மாதம் எங்கே போனீர்கள் என்று கேட்டால் குழந்தை, அம்மாவின் புற்றுநோய், விசாவுக்காகக் காத்திருந்தது என்று பதில் வரும். கேட்கிற எனக்கே சங்கடம்தான். விளக்கம் கிடைத்ததும் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன், துருவ மாட்டேன். உடல்நிலையைப் பற்றி, வேலை தருவதாகச் சொல்லும் முன் கேட்கவே கூடாது. 2010 சமத்துவச் சட்டம் அதைத் தடுத்திருக்கிறது. எல்லா வேட்பாளருக்கும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை, ஒவ்வொரு பதிலுக்கும் எழுத்தில் குறிப்பு. நாளை ஒருவர் ஏன் எனக்குக் கிடைக்கவில்லை என்று கேட்டால் காட்ட ஏதாவது இருக்க வேண்டும்.

இங்குள்ள நேர்காணல் நாளைப் போல ஒரு விசித்திரத்தை நான் வேறு தொழிலில் கேள்விப்பட்டதில்லை. அழைத்த எல்லோரும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் வருவார்கள். நாள் முழுக்க ஒரே அறையில் உட்காருவார்கள். ஒரே பெண்ணைப் பார்க்க வந்த நாலு மாப்பிள்ளைகளை ஒரே கூடத்தில் உட்காரவைத்து, ஒரே தட்டில் பலகாரம் நீட்டினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கும். சிரித்துப் பேசிக்கொள்வார்கள், எங்கே வேலை செய்கிறீர்கள் என்று விசாரித்துக்கொள்வார்கள். மதிய உணவுக்குள் ஒருவர் விலகிக்கொள்வதாகச் சொல்லிக் கிளம்புவதும் உண்டு. அதில் குற்றமில்லை. அவர்களும் எங்களைச் சோதிக்கத்தான் வந்திருக்கிறார்கள்.

காலையில் பள்ளியைச் சுற்றிக் காட்டுவது வழக்கம், பெரும்பாலும் இரண்டு மாணவர்களே கூட்டிப்போவார்கள். எங்கள் துறைப் பகுதிக்கு வரும்போது மட்டும் நான் சேர்ந்துகொண்டு புத்தக அறையைத் திறந்து காட்டுவேன். ஜன்னலில்லாத நீள அறை, கூரை வரை அலமாரி. 2015இல் புதிய ஜி.சி.எஸ்.இ. பாடத்திட்டம் தொடங்கியபோது, 1914க்குப் பிந்தைய புனைவு பிரிட்டிஷ் தீவுகளைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. அதுவரை நாடெங்கும் பாடமாக இருந்த ஸ்டைன்பெக்கின் 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' ஒரே நாளில் பட்டியலிலிருந்து போயிற்று. எங்கள் அலமாரியில் அதன் பழுப்பேறிய பிரதிகள் வரிசை வரிசையாக நின்றன. கீழ்த்தட்டில் 'ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்', 'எ கிறிஸ்துமஸ் கேரல்', 'மாக்பெத்'.

அந்த அறையில் யார் எதைக் கேட்கிறார் என்று கவனிப்பேன். சிலர் புத்தக வாசனையைப் பற்றி ஏதாவது சொல்வார்கள். ஒருமுறை ஒரு வேட்பாளர் ஸ்டைன்பெக் அடுக்கிலிருந்து ஒரு பிரதியை எடுத்தார். முன்னட்டைக்குள் மாணவர் பெயர் எழுதும் கட்டங்களைப் பார்த்தார். கடைசிப் பெயருக்குப் பிறகு வருடங்கள் காலியாக இருந்தன. "இதை இப்போது எந்த வகுப்புக்கும் கொடுப்பதில்லையா? ஒன்பதாம் வகுப்புக்கு வைக்கலாமே என்று யாராவது சொன்னார்களா, வேண்டாம் என்று யாராவது சொன்னார்களா?" என்று கேட்டார். கேள்வியின் இரண்டாம் பாதிதான் எனக்குப் பிடித்தது. புத்தகம் அலமாரியில் நிற்பதற்குப் பின்னால் மனிதர்களின் வாக்குவாதம் ஒன்று இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உண்மையில் இருந்தது. அதிலுள்ள இனவசைச் சொற்களை வகுப்பில் எப்படி வாசிப்பது என்பதில் துறை இரண்டாகப் பிரிந்து, முடிவெடுக்காமலே விட்டிருந்தது.

பிறகு பாடம். முன்பின் பார்க்காத எட்டாம் வகுப்பு, அரை மணியைத் தாண்டாத நேரம், முந்தைய வாரமே அனுப்பிவைத்த ஒரு கவிதை. நன்றாகத் தயாரித்து வருவார்கள். நல்ல பாடம் நடத்தத் தெரியாதவர் இந்தக் கட்டத்துக்கே வரமாட்டார். அதனால் பாடத்தை நான் ஒரு வாசற்படியாகத்தான் வைத்திருக்கிறேன்: தாண்டினால் போதும், யார் உயரத் தாண்டினார் என்று அளப்பதில்லை. தலைமையாசிரியர்கள் இதை ஒப்புக்கொள்வது அரிது. அவர்களுக்கு வகுப்பைக் கட்டிப்போட்டவர்தான் வெற்றியாளர்.

மாணவர் குழு நேர்காணலைச் சடங்காக நடத்துபவர்கள் உண்டு. எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் உட்காருவார்கள், கேள்விகளை அவர்களே எழுதுவார்கள். ஓர் ஆசிரியை மூலையில் சும்மா இருப்பார். ஒருமுறை எங்களை எல்லாம் பேச்சால் கவர்ந்த ஒருவரைப் பற்றி ஒரு மாணவி சொன்னாள்: "பதில்கள் எல்லாம் நல்ல பதில்கள்தான் மிஸ். ஆனால் கேட்டது நாங்கள், பதில் சொன்னது மூலையில் இருந்த மிஸ்ஸைப் பார்த்து." எங்கள் குறிப்புத் தாளில் அப்படி ஒன்றை எழுதக் கட்டமே இல்லை. நான் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

இனி விடைத்தாள் சோதனை. இதுதான் நான் அந்த நாளுக்குள் கொண்டுவந்து சேர்த்தது. பெயர் நீக்கிய இரண்டு 'மாக்பெத்' விடைகளைக் கொடுப்போம். நாங்கள் எழுதுவது ஏ.க்யூ.ஏ. வாரியத் தேர்வு. அதில் ஷேக்ஸ்பியர் கேள்விக்கு 34 மதிப்பெண்: விடைக்கு 30, எழுத்துப்பிழை, நிறுத்தற்குறி, வாக்கிய அமைப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து 4. முப்பதை ஐந்தைந்தாக ஆறு நிலைகளாகப் பிரித்திருப்பார்கள்.

முதல் விடை அழகான கையெழுத்து. உருவகம், அயாம்பிக் பென்டாமீட்டர், ஜேம்ஸ் மன்னர் காலத்துப் பார்வையாளர்கள் என்று கலைச்சொற்கள் இடம் தவறாமல் வந்துவிடும். ஒவ்வொரு பத்தியும் கருத்து, சான்று, விளக்கம் என்ற அதே அச்சில். முழுக்க வாசித்து முடித்தால் கேட்ட கேள்விக்கு அதில் பதிலே இல்லை. இரண்டாவது, கோழிக் கிறுக்கல். வரிக்கு இரண்டு எழுத்துப் பிழை. கலைச்சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் மூன்றாம் பத்தியில் அந்தப் பிள்ளை ஒன்றைப் பிடித்திருக்கிறது. கொலை நடந்த இரவில் கையைக் கழுவினால் தீர்ந்தது என்று கணவன் மாக்பெத்துக்குத் தைரியம் சொன்னவள், பிறகு தூக்கத்தில் நடந்தபடி கழுவிக்கொண்டே இருக்கிறாள். கறை கையில் மட்டும்தான் இருக்கிறது என்று அவள் அன்றைக்கு நினைத்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறது.

வேட்பாளர் தனியே உட்கார்ந்து இரண்டுக்கும் மதிப்பெண் போடுவார். அதோடு சோதனை முடிவதில்லை. அடுத்து, வேலைக்கு வந்து இரண்டாம் வருடத்தில் இருக்கும் எங்கள் துறை இளைஞர் ஒருவர் உள்ளே வருவார். அவர் முதல் விடைக்கு 24, இரண்டாவதற்கு 13 போட்டிருப்பதாக ஏற்பாடு. செகண்ட் என்ற முறையில் அவரோடு கால் மணி நேரம் பேசுங்கள், அவ்வளவுதான். நான் சுவரோரம் உட்கார்ந்திருப்பேன்.

அந்த ஸ்டைன்பெக் நாளில் வந்த ஒருவர், காலையில் பாடத்தில் எல்லோரையும் அசத்தியவர், மதிப்பெண் வழிகாட்டியை மேசைமேல் விரித்துவைத்து ஒவ்வொரு நிலையாக வாசித்துக் காட்டினார். சொன்னது அத்தனையும் சரி. இளைஞர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். முடிவில் "சரி, மாற்றிவிடுகிறேன்" என்றார். மதிப்பெண் மாறியது. அடுத்த வாரம் இன்னொரு கட்டுத் தாளில் அவர் அதையே மறுபடி செய்வார், ஏனென்றால் ஏன் அப்படிப் போட்டோம் என்று அவருக்கு இன்னும் தெரியாது.

இன்னொருவர், எங்கள் துறையிலேயே வேலை பார்ப்பவர், எல்லோருக்கும் வேண்டியவர். "ரொம்பக் கவனமாகத் திருத்தியிருக்கிறாய், சின்ன வித்தியாசம்தான், கவலைப்படாதே" என்றார். இளைஞர் மகிழ்ச்சியோடு எழுந்தார். 24 அப்படியே நின்றது.

புத்தக அறையில் கேள்வி கேட்டவர் மூன்றாவதாக வந்தார். வழிகாட்டியை எடுக்கவே இல்லை. இரண்டாவது விடையை இளைஞர் பக்கம் நகர்த்தினார். "13 என்று எப்போது தோன்றியது? எந்த வரியில்?" இளைஞர் யோசித்துவிட்டு, முதல் பத்தியிலேயே என்றார். அத்தனை பிழைகள். "சரி. மூன்றாவது பத்தியை மட்டும், பிழைகளைத் திருத்தி எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்ட முடியுமா?" அவர் வாசித்தார். பாதியில் குரல் மெதுவானது. கறையைப் பற்றிய வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, "இதை நான் பார்க்கவில்லை" என்றார். "பார்த்தீர்கள், பிழைகளைத் தாண்டிப் போகவில்லை. பிழைக்கு எத்தனை மதிப்பெண்?" "நாலு." "அந்த நாலில் எவ்வளவு வேண்டுமானாலும் குறையுங்கள். முப்பதில் கை வைக்காதீர்கள். இப்போது முதல் விடையையும் இப்படியே வாசிப்போமா?" கால் மணி முடிந்தபோது 24 எப்படி 15 ஆகிறது என்று இளைஞர் அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

அதில் கூர்ந்து பார்க்க வேண்டிய இடம், அவர் ஒரு தடவைகூடத் தன் மதிப்பெண்ணைச் சொல்லவில்லை என்பது. பிள்ளையின் தவறைத் திருத்தத் தெரிந்தவர்கள் எங்கள் தொழிலில் ஏராளம். சக ஆசிரியரின் தவறை, அவர் முகம் சுருங்காமல், அதே நேரம் தவறையும் விட்டுவிடாமல் திருத்தத் தெரிந்தவர் அபூர்வம். கனிவானவர்கள் தவறை விட்டுவிடுகிறார்கள். கறாரானவர்கள் தவறைத் திருத்தி ஆளை இழக்கிறார்கள். ஆசிரியர்கள் பள்ளியை விட்டுப் போகும்போது சம்பளம், வேலைப்பளு என்று காரணம் எழுதிக் கொடுப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசினால், என் வேலையை யாரோ சிவப்பு மையால் அடித்துக்கொண்டே இருந்தார்கள் என்பது வெளியே வரும்.

மாலை நாலு மணிக்குத் தலைமையாசிரியரின் அறையில் கூடினோம். அவருக்கு முதலாமவர்தான் வேண்டும். "அந்தப் பாடத்தைப் பார்த்தீர்களா? எட்டாம் வகுப்பு அசையவில்லை." பார்த்தேன். அந்த வகுப்பு வாரத்துக்குச் சில மணி நேரம் அவருக்குக் கிடைக்கும், மற்ற வகுப்புகளில் மற்றவர்கள்தான் இருப்பார்கள், அவர்களை அவர் என்ன செய்வார் என்பதற்கு என் தாளில் குறிப்பு இருக்கிறது என்றேன். பொறுப்புப் படிக்கான விதியையே நினைவூட்டினேன்: தன் சொந்த வகுப்புகளைத் தாண்டிய மாணவர்களின் முன்னேற்றத்தில் தாக்கம் இருக்க வேண்டும், மற்ற ஆசிரியர்களின் கற்பித்தலை வளர்க்க வேண்டும் என்றுதான் அது சொல்கிறது. நாம் பணம் கொடுப்பது அதற்கு. கொஞ்ச நேரம் இழுபறி. மாணவியின் ஓரக்குறிப்பையும் வாசித்தேன், அது முதலாமவரைப் பற்றியதுதான். கடைசியில் மூன்றாமவர் என்று முடிவானது.

முடிவை அன்றைக்கே சொல்லிவிடுவது இங்கே மரபு. தொலைபேசியில் தலைமையாசிரியர் வேலையைத் தருவதாகச் சொல்வார், மறுமுனையில் உடனே சரி என்று சொல்ல வேண்டும். ஒரு வாரம் யோசிக்கிறேன் என்றால் அதை இல்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். வேறு வேலைகளில் இருப்பவர்கள் இதைக் கேட்டால் நம்ப மாட்டார்கள். மே 31 துரத்துகிற ஊரில் வேறு வழியில்லை.

அந்த அழைப்புக்கு முன்பும் பின்பும் வரும் நேரம்தான் எனக்கு அந்த நாளிலேயே கடினமானது. உள்ளே இருந்து விண்ணப்பித்தவர் கீழே தன் வகுப்பறையில் நோட்டுகளை அடுக்கிக்கொண்டு காத்திருக்கிறார். வெளியாள் ஒப்புக்கொள்ளும் வரை அவரிடம் எதையும் சொல்ல முடியாது, ஒருவேளை வெளியாள் மறுத்துவிட்டால்? ஒப்புக்கொண்ட பிறகு ஐந்து நிமிடம் தாமதித்தால் ஊழியர் அறை வழியாகச் செய்தி அவரை முந்திப் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே நான் தலைமையாசிரியரின் கதவருகிலேயே நிற்பேன். "சரி" என்ற சத்தம் கேட்டதும் நேரே கீழே போவேன். மின்னஞ்சலில் சொல்வதில்லை, மறுநாளைக்குத் தள்ளுவதில்லை, "வேறு வாய்ப்பு வரும்" என்ற வாக்கியத்தைச் சொல்வதே இல்லை.

அன்று அவர் ஏன் என்று கேட்டார். விடைத்தாள்களைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். "இந்த 24ஐ நீங்கள் அப்படியே விட்டீர்கள்" என்றேன். "அவன் பாவம், புதியவன்" என்றார். "அந்தப் பிள்ளையும் புதியதுதான்" என்றேன். கோபப்பட்டார். ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் வந்து, அடுத்த விடைத்தாள் சீராக்கல் கூட்டத்தை நான் நடத்தட்டுமா என்று கேட்டார். புதிய செகண்ட் செப்டம்பரில் வந்ததும் இருவரும் சேர்ந்தே அதை நடத்தினார்கள். முதல் கூட்டத்திலேயே பெயரில்லாத இரண்டு விடைகளை வாசிக்கச் சொன்னார்கள், சத்தமாக. இருபது வருடப் பழைய தாள்காரர் முதலில் முணுமுணுத்தார். பிறகு வாசித்தார், நன்றாகவே வாசித்தார்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இப்படித் தேடிப்பிடித்த செகண்ட் நீடிக்க மாட்டார். சில வருடங்களில் வேறு பள்ளி அவரைத் துறைத்தலைவராகக் கொத்திக்கொண்டு போகும், போகவும் வேண்டும். இவரும் போனார். பரிந்துரைப் படிவம் எனக்கு வந்தது. தேர்ச்சி விகிதம், வருகைப் பதிவு, பாதுகாப்பு குறித்த கவலை ஏதும் உண்டா என்று கட்டம் கட்டமாகக் கேள்விகள். சக ஊழியர்களோடு உறவு எப்படி என்பதற்கு நான்கு தேர்வுகள் கொடுத்து ஒரு டிக் போடச் சொல்லியிருந்தார்கள். டிக் போட்டுவிட்டுத் தனித்தாளில் அந்தக் கால் மணி நேரத்தை எழுதினேன். எங்கள் தலைமையாசிரியர் ஒப்பமிட்டு அனுப்பினார்.

பரிந்துரை உண்மையில் எங்களிடமிருந்து வந்ததுதானா என்று உறுதிசெய்ய அந்தப் பள்ளியிலிருந்து அழைத்தார்கள். அதுவும் விதிதான். பேசியவர் அப்பள்ளியின் தலைமையாசிரியை. உறுதிசெய்த பிறகு, "மறுபடி வாய்ப்பு வந்தால் இவரையே எடுப்பீர்களா?" என்று கேட்டார். எடுப்பேன் என்றேன். "குறை ஏதாவது?"

"உங்கள் திட்டத்தை முதல் நாளே ஒப்புக்கொள்ள மாட்டார். எந்த வரியில் அப்படித் தோன்றியது என்று உங்களையும் கேட்பார். அது ஒத்துவரும் என்றால் எடுங்கள்" என்றேன்.

மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மே 31க்கு ஒரு வாரம் இருக்கும்போது ராஜினாமா கடிதம் என் மேசைக்கு வந்தது. எங்கள் விளம்பரத்தை அதற்குள் எழுதி வைத்திருந்தேன்.